மூன்றாம் மாடிக்காரர் எடுத்த செத்தவீட்டுப் படம்

அந்தப் பிரெஞ்சுக்காரர் என்ன வேலை செய்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. படம் எடுக்கிறவர் என்று சொல்லலாம். ஆனால் படத்தின் கதை அவருடையது இல்லை. நடிப்பவரும் அவர் இல்லை. இப்படி நில், அப்படி அழு என்று நடிக்கிறவர்களுக்குச் சொல்கிறவர் வேறொருவராம். இவர் கமெராவுக்குப் பின்னால் நின்று வெளிச்சம் பார்ப்பாராம். முப்பது வருடமாக அதுதான் தொழில் என்றார். வெளிச்சம் பார்க்க ஒரு மனிதனுக்கு முப்பது வருடமா என்று நான் குழம்பிப் போனேன்.

நான் அப்போது மொன்றியலில், லாசால் பக்கம் ஒரு நான்கு மாடிக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி வழிப்பது, குப்பை இறக்குவது, குழாய் ஒழுகினால் சாவியோடு ஓடுவது எல்லாம் என் வேலை. எங்கள் வீடு கீழ்த்தட்டில். அதற்கு முன்னால் மீன் பொதி செய்கிற இடத்தில் பதினொரு வருடம் நின்றேன். அங்கே ஹெயிட்டிக்காரரோடு நின்று நின்றுதான் எனக்குப் பிரெஞ்சு வந்தது. "உங்கடை பிரெஞ்சிலை இன்னும் மீன் மணக்குது" என்று என் மனிசி சொல்வாள். மீன் மணந்தாலும் கட்டிடத்தில் எல்லாருக்கும் விளங்கியது.

பிரெஞ்சுக்காரர் மூன்றாம் மாடிக்கு வந்து இறங்கியபோது மரச்சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரும்புப் பெட்டிகள்தான் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் பிணப் பாரம். இரண்டு நாள் கழித்து மூன்றாம் மாடி யன்னல் எல்லாம் உள்ளே கறுப்புத் துணியால் மூடிக் கிடந்தது. எதிர் வீட்டுப் பெண் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கறுப்புத் துணி கட்டி உள்ளே கஞ்சா இலை வளர்த்துப் பொலிஸ் வந்த கதைகள் எல்லாம் இங்கே உண்டு. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்த் தட்டினேன்.

உள்ளே கும்மிருட்டு. ஒரு சின்ன விளக்கு. அதற்கு முன்னால் மேசையில் ஒரு பேரிக்காய்.

"என்ன செய்கிறீர்கள், மெஸ்யூ?"

"பேரிக்காயைப் பார்க்கிறேன்."

மறுபடியும் பேரிக்காயைப் பார்த்தார். நான் மெர்சி சொல்லிவிட்டு இறங்கி வந்து மனிசியிடம் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "தனிச்ச ஆம்பிளை. சமைக்கத் தெரியாது போலை. பழத்தைப் பாத்துப் பசியாறுது பாவம். இந்தாங்கோ, சோறு கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள்.

அப்படித்தான் பழக்கம் வந்தது. கிழமைக்கு ஒரு தடவை நான் சோறு கொண்டு போவேன். அவர் உறைப்புத் தாங்காமல் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொல்வார். பிரான்சில் ஒரு கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தவராம். பத்தொன்பது வயதில் படப்பிடிப்புக்குப் பெட்டி தூக்கப் போனாராம். பிறகு ஒரு கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமலே படச்சுருளை மாட்டுகிற வேலை. பிறகு அளவு நாடாவைப் பிடித்து, நடிகையின் மூக்கிலிருந்து கமெராக் கண்ணாடி வரைக்கும் அளக்கிற வேலை. அது மட்டும் எட்டு வருடம். "எத்தனை நல்ல மூக்குகளை அளந்திருக்கிறேன்" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு அவர் பொறுப்பு என்றானது. இருபதுக்கு மேல் பெரிய படங்கள். கியூபெக்காரி ஒருத்தியைக் கட்டி மொன்றியலுக்கு வந்தார். அவள் அவரை விட்டுப் போய்விட்டாள். இவர் இங்கேயே நின்றுவிட்டார். லவாலில் கடைத்தொகுதிகளுக்கும் தயிர்க் கொம்பனிக்கும் விளம்பரம் எடுத்துப் பிழைத்தார்.

"தயிருக்கு என்ன வெளிச்சம்?" என்று கேட்டேன்.

"தயிர்தான் ஆகக் கஷ்டம்" என்றார். முகத்தில் பகிடி இல்லை.

இதற்கு நடுவில் தனக்கென்று குறும்படங்களும் எடுத்திருந்தார், ஐந்தோ ஆறோ. ஒன்றுக்குப் பரிசாகக் கிடைத்த கண்ணாடிக் கட்டியைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் படத்தை ஒரு தடவை எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிழவி கொடியில் துணி காயப் போடுகிறாள். காற்று அடிக்கிறது. கிழவி உள்ளே போகிறாள். துணி ஆடுகிறது. நான் கதை தொடங்கும் தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து ஓடத் தொடங்கியது.

"எப்போது தொடங்கும்?" என்று கேட்டேன்.

"முடிந்துவிட்டது" என்றார்.

கீழே வந்து சொன்னபோது மனிசி, "அந்தக் கிழவிக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லையாமோ?" என்று மட்டும் கேட்டாள்.

சரி, செத்தவீட்டுக்கு வருகிறேன். சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

என் அக்காவுக்கு ஒரே மகன். அவன் என்னோடுதான் இருந்தான். நான்தான் இங்கே கூப்பிட்டவன். புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. கலியாணம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். ஊரில் சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலம் அது. அடுத்த வருடம் போய் அம்மாவைப் பார்க்கப்போகிறேன் என்று பயணப் பெட்டிகூட வாங்கி வைத்திருந்தான். மார்ச் மாதம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேலையிடத்துக் கதிரையில் இருந்தபடியே நெஞ்சு நின்றுவிட்டது. நாற்பத்தொரு வயது.

அக்காவுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அவள் அழவில்லை.

"தம்பி, முகத்தைப் பாக்காமல் நான் நம்பமாட்டன்" என்றாள்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவன் இளந்தாரியாக இருந்தபோது ஊரில் ஆமிக்காரர் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாளில் யாரோ வந்து, கடற்கரையில் ஒரு உடம்பு கிடந்தது, கட்டியிருந்த சாரம் இவனுடையதுதான் என்று சொன்னார்கள். அக்கா அதை நம்பினாள். அழுதாள், எட்டாம் நாள் கிரியை என்று எட்டுச் செய்தாள், படத்துக்கு மாலை போட்டாள். ஒன்றரை மாதம் கழித்து அவன் எலும்பும் தோலுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். வாசலில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆர் செத்தது?" என்று கேட்டானாம். அன்றைக்கு அக்கா முடிவெடுத்துவிட்டாள், இனி யார் சொன்னாலும் நம்புவதில்லை என்று.

அவளை இங்கே கூப்பிட விசா கிடைக்காது. எங்கள் ஆட்களுக்கு இதற்கென்று ஒரு வழி உண்டு. செத்தவீட்டை முழுக்க வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவது. பெட்டி திறந்ததும் முகம், பிறகு கிரியை, பிறகு வரிசையில் வந்து போகிற ஒவ்வொருவருடைய முகமும், கடைசியில் எரிக்கிற பொத்தானை அமத்துகிற கை. வழமையாக எடுக்கிற எங்கள் வீடியோக்காரர் அந்தக் கிழமை இரண்டு கலியாணத்துக்கென்று ரொறொன்ரோ போய்விட்டார். அப்போது எனக்கு மூன்றாம் மாடிக்காரர் நினைவு வந்தார். படம் எடுக்கிறவர்தானே.

நான் கேட்டபோது அவர் எழும்பி நின்றார். பிறகு, இது எனக்குப் பெரிய மரியாதை என்றார். உங்கள் முறை என்ன, எதை எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"எல்லாத்தையும் எடுங்கள்" என்றேன்.

முகம் என்று தனியாகச் சொல்லவில்லை. செத்தவீட்டில் முகத்தை எடுங்கள் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

அவர் செத்தவீட்டன்று கறுப்புக் கோட் போட்டு எல்லாருக்கும் முதலே மண்டபத்துக்கு வந்து நின்றார். வெள்ளைக்காரர் பெரிய கமெராவோடு நிற்கிறார் என்றதும் எங்கள் ஆட்கள் தங்கள் சின்னக் கமெராக்களைக் காரிலேயே விட்டுவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் பூவுக்கு மேலே மூக்கு நுனி மட்டும்தான் தெரிந்தது. ஆட்கள் வழக்கப்படி பெட்டிக்குப் பின்னால் வரிசையாக நின்று அவரைப் பார்த்தார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலில் கழற்றிப் போட்டிருந்த ஈரச் சப்பாத்துக் குவியலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உவர் என்ன ஆக்களை விட்டிட்டுச் சப்பாத்தை எடுக்கிறார்? சப்பாத்துக் கடைக்காரனோ?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"சும்மா இரும். பிரான்ஸ் ஆள். பெரிய பெரிய படமெல்லாம் எடுத்தவராம்" என்றார் மற்றவர்.

"அப்ப சப்பாத்து நல்லா வரும்."

எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எது சரியாகத் தெரிந்தது? நெருங்கிய ஆண்பிள்ளை வேறு ஒருவரும் இல்லை என்று என்னையே கொள்ளி வைக்கச் சொன்னார்கள். பொத்தானை அமத்தினேன். என் மகன் மாதிரி என்னோடு இருந்தவனுக்கு ஒரு பொத்தான். அதற்குமேல் அன்றைக்கு எனக்கு ஒன்றும் நினைவில்லை.

எங்கள் வீடியோக்காரர் என்றால் மறுநாளே தந்துவிடுவார். இவர் ஒரு கிழமை கறுப்புத் துணிக்குள் இருந்து வெட்டி ஒட்டி, ஒரு சீடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் தந்தார். நான் போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பயல் பெட்டியில் கிடப்பதை மறுபடியும் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்படியே விரைவுத் தபாலில் ஊருக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு காலை அக்கா எடுத்தாள்.

"தம்பி, என்ன அனுப்பியிருக்கிறாய்?"

"ஏன் அக்கா?"

"சப்பாத்து வருது. யன்னல் வருது. ஆற்றையோ கை தேங்காய் உடைக்குது. பொம்பிளையளின்ரை முதுகு வருது. என்ரை பிள்ளை எங்கை?"

நான் சாம்பல் வைத்திருந்த அலுமாரியைப் பார்த்தேன்.

"அவன் உயிரோடைதான் இருக்கிறான். ஏதோ பிழை செய்துபோட்டுப் பொலிஸ் பிடிச்சு மறியலிலை இருக்கிறானோ? எனக்கு ஒளிக்கிறியள்."

"இல்லை அக்கா, சத்தியமா இல்லை. சாம்பல் என்ரை வீட்டு அலுமாரிக்குள்ளை இருக்கு."

"அது எவன்ரை சாம்பலோ. கேள் தம்பி, நான் முகத்தைப் பாக்காமல் நீ முப்பத்தொண்டு செய்தியெண்டால், சாம்பலைக் கரைச்சியெண்டால், எனக்கும் உனக்கும் இனிக் கதை இல்லை. ஒருக்கால் உயிரோடை இருந்த பிள்ளைக்கு எட்டுச் செய்தவள் நான்."

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

நான் அப்போதுதான் சீடியைப் போட்டுப் பார்த்தேன். மனிசியும் பக்கத்தில் இருந்தாள். உண்மையைச் சொன்னால் அதில் ஏதோ இருந்தது. சப்பாத்துகளுக்குள்ளே என் சப்பாத்தும் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஏன் சப்பாத்தைப் பார்த்து அழுகிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. மனிசி மூக்கைச் சிந்திவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கிறார். ஆனா இதை ஆருக்கு எடுத்தவர்?" என்றாள்.

மேலே போனேன். முகம் எங்கே என்று கேட்டேன்.

"எடுக்கவில்லை" என்றார்.

"ஏன்?"

தொழிலில் எத்தனையோ செத்தவர்களுக்குத் தான் வெளிச்சம் வைத்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் நடிகர்களாம். கட் என்றதும் எழும்பிக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்களாம். உயிரோடு இருக்கிறவன் என்னை எடுக்காதே என்று சொல்லலாம், செத்தவனுக்கு அதைச் சொல்ல முடியாது, அதனால் உண்மையில் செத்த ஒரு முகத்துக்குத் தான் கமெராவைத் திருப்பினதே இல்லை என்றார். அவர் சொன்னது எனக்குப் பிழையாகவும் படவில்லை. சரியாகவும் படவில்லை. நான் அக்காவின் கதையைச் சொன்னேன், சாரத்தையும் எட்டையும் படலையைத் திறந்துகொண்டு அவன் வந்ததையும். என் மீன் மணக்கிற பிரெஞ்சில் அதைச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போனது. கேட்டுக்கொண்டு வந்தவர் இடையில் எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பிறகு வெட்டாத முழுக் கசெற்றுகள் நாலையும் எடுத்து, முதலாவதைப் போட்டார். எதையாவது தேடிப் பிடிக்கலாம், தோளோ தலைமயிரோ, என்று எண்ணினார் போல. தொடக்கத்திலேயே முகம் வந்தது.

மருமகன்தான். பெட்டிக்குள், கண் மூடி, நெற்றியில் திருநீறு. அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் சிமெந்து நிறத்தில் ஒரு மட்டைத் துண்டு. அதைப் பிடித்திருந்த வெள்ளைக் கை இவருடையது. ஏழெட்டு விநாடி. பிறகு மட்டை போய்விட்டது, முகமும் போய்விட்டது.

நான் திரையைக் காட்டினேன். "எடுக்கவில்லை என்றீர்களே!"

அவரும் திகைத்துப் போய் இருந்தார். "இது படம் இல்லை" என்றார். "வெளிச்சம் அளந்தது. ஆட்கள் வருவதற்கு முதல் நிறம் சரியா என்று மட்டையைப் பிடித்துப் பார்ப்பது. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்வேன். கை தானாகச் செய்துவிடும். நான் இதைப் பார்ப்பதே இல்லை."

படம் இல்லையென்றால் இது என்ன? அதில் முகம் தெரிகிறதே. அவர் எவ்வளவு விளங்கப்படுத்தியும் என் மண்டைக்குள் அது ஏறவில்லை. ஆனால் கிடைத்துவிட்டது. இதைத் தாருங்கள், இன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றேன்.

"இப்படியே தர முடியாது" என்றார். "மண்டபத்துக் குழல் விளக்கு. பச்சை அடித்திருக்கிறது, பாருங்கள்."

அவர் ஏதோ திருகினார். பச்சை மெல்ல மெல்லக் கரைந்து போனது. கன்னத்தில் மண்ணிறம் வந்தது. உதட்டில் கொஞ்சம் இரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது. இரவு வேலை முடிந்து வந்து சோபாவில் படுத்திருப்பானே, அதே மாதிரி. இன்னும் ஒரு நிமிடத்தில் "மாமா, தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்பான் போல. எனக்கு அதை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது. அதனால்தான் பயம் பிடித்தது. எனக்கே இப்படி என்றால் அக்காவுக்கு?

"வேண்டாம்" என்றேன். "முதல் இருந்த மாதிரியே விடுங்கள்."

"எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பச்சையாகப் பார்க்கக் கூடாது."

"நித்திரை கொள்கிறான் என்று சொல்லிவிடுவாள். நம்பமாட்டாள்."

"முப்பது வருடத்தில் இப்படி ஒரு முகத்தை நான் என் கையால் வெளியே விட்டதில்லை" என்றார். கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரித்தான் இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஒரு மனிதனிடம் போய் உன் தொழிலை ஒழுங்காகச் செய்யாதே என்று கேட்கிறேன். நான் செய்வது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

கனநேரத்துக்குப் பிறகு அவர் திருகினதை எல்லாம் திருப்பித் திருகினார். அவன் மறுபடியும் செத்துப்போனான். அவர் திரும்பிப் பார்க்காமல் சீடியை என் கையில் தந்தார்.

அது போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள் அக்கா எடுத்தாள்.

"ஓம் தம்பி" என்றாள். "அவன்தான்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். மனிசி தொலைபேசியை வாங்கி அவளும் அழுதாள். எல்லாம் ஓய்ந்த பிறகு அக்கா கேட்டாள், "அந்த வெள்ளைக் கை ஆற்றை?"

"படம் எடுத்தவற்றை, அக்கா. வெளிச்சம் அளந்தவராம்."

"ஏன், பிள்ளைக்கு வெளிச்சம் காணாமல் கிடந்ததோ?"

"இல்லை அக்கா. அவர் எங்கை போனாலும் அளக்கிறவராம்."

அவளுக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

"முப்பத்தொண்டைச் செய்" என்றாள். "சாம்பலை அங்கத்தை ஆத்திலையே கரை. ஆனா அதை ஒருத்தரும் வீடியோ எடுக்க வேண்டாம். எனக்குப் பாத்தது காணும்."

சித்திரை பிறக்கிற நேரம் அது. லாசாலில் ஆற்றங்கரையில் ஐஸ் பாளம் பாளமாக உடைந்து போய்க்கொண்டிருந்தது. ஐயர் குளிருக்கு மூன்று கம்பளி போட்டு, அதற்கு மேலே வேட்டி கட்டியிருந்தார். மூன்றாம் மாடிக்காரரும் வந்தார். கையில் ஒன்றுமில்லை. முதல் தடவையாக அவரை வெறுங்கையோடு பார்க்கிறேன். ஆள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறினார். ஒரு பக்கம் போனார், பிறகு மற்றப் பக்கம் வந்தார்.

"நான் எங்கே பார்க்க வேண்டும்?" என்று என் காதுக்குள் கேட்டார்.

அதற்கு ஒரு முறை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பாருங்கள் என்றேன்.

நான் குனிந்து சாம்பல் பெட்டியைக் கவிழ்த்தேன். கொஞ்சம் போனது. மிச்சம் கரையில் நின்ற ஐஸ் கட்டியில் அப்பிக்கொண்டு அசையாமல் இருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனிசிதான் ஒரு தடியை எடுத்துத் தள்ளினாள், "போ ராசா, போ" என்று சொல்லிச் சொல்லி. கட்டி மெல்லத் திரும்பி, ஆட்டம் கண்டு, நடு ஆற்றுக்குப் போனது. கண்ணுக்குத் தெரியும் மட்டும் நாங்கள் நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"முழுக்கப் போச்சோ?"

"ஓம் அக்கா."

"நீ கண்ணாலை பாத்தனியோ?"

"பாத்தனான்."

"அப்ப சரி" என்றாள்.